தெற்கு எல்லையில் அப்பாவின் பெயர்

நோர்வேயில் வீடு வாங்கியபோது எங்கள் கைக்கு உறுதிப் பத்திரம் என்று எதுவும் வரவில்லை. எல்லாம் கணினியில் பதிவாகிவிட்டது என்றார்கள். எனக்கு மனம் ஆறவில்லை. வங்கிக்குப் போய், அங்கிருந்த பெண்ணிடம் என் அரைகுறை நொர்ஸ்க் மொழியில், வீட்டுக்குப் "பாப்பிர்" வேண்டும் என்று கேட்டேன். அவள் புன்னகையோடு ஒரு வெற்றுத்தாளையும் பேனையையும் எடுத்துத் தந்தாள். நான் ஏதோ எழுதப்போகிறேன் என்று நினைத்துவிட்டாள். உறுதி கையில் இல்லாதவனின் பயத்தை அவளுக்கு எந்த மொழியில் சொல்வது?

அந்தப் பயம் அப்பாவிடமிருந்து வந்தது. சண்டைக்குத் தப்பி எங்கள் ஊர் பேசாலையிலிருந்து இராமேஸ்வரத்துக்கு நாங்கள் வள்ளத்தில் ஓடியபோது கடல் கொந்தளித்தது. பாரத்தைக் குறைக்கச் சொல்லி ஓட்டி கத்தினார். கடலில் எறிந்த பைகளில் ஒன்றில்தான் காணி உறுதி இருந்தது என்பது கரை சேர்ந்த பிறகே தெரிந்தது. "வீடு இடிஞ்சாக் கட்டலாம். காணி என்ரை எண்டு இனி எதைக் காட்டிச் சொல்லுறது?" என்று அப்பா புலம்புவார். அகதி முகாமிலேயே அவர் காலமானார். நான் நோர்வேக்கு வந்தேன். அம்மாவும் தங்கச்சி ஜெசிந்தாவும் ஊர் திரும்பி, அதே வளவில் தகரக் கொட்டில் போட்டு இருந்தார்கள்.

அம்மாவும் இறந்த பிறகு, ஜெசிந்தாவின் பெயர் அரசின் வீட்டுத்திட்டத்தில் வந்தது. காணி உரிமையைக் காட்டினால்தான் வீடு. "அண்ணா, ஒருக்கா வாங்கோ. தனியச் சமாளிக்க ஏலாமக் கிடக்கு" என்று அழைப்பெடுத்தாள். லீவு போட்டுவிட்டுப் போனேன்.

காணிப் பதிவகத்து எழுதுவினைஞர் பொறுமையாகத்தான் கேட்டார். "உறுதி இலக்கம் என்ன? எழுதின நொத்தாரிசு ஆர்?" எங்களுக்கு இரண்டும் தெரியாது. அப்பாவின் பெயரை மட்டும் சொன்னோம். "சந்தியோகு எண்டு எத்தினை பேர் இருப்பினம்? ஏதாவது ஒரு துப்பாவது கொண்டு வாங்கோ" என்றார்.

அன்று பின்னேரம் அடுத்த வளவுப் பிலோமினாக்கா எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தார். எல்லை வேலிக் கதியாலை யார் நகர்த்தியது என்ற சண்டையில் அவரும் ஜெசிந்தாவும் பேச்சை விட்டுப் பல வருடம். அவர் கையில் பொலித்தீனில் சுற்றிய காணி உறுதி இருந்தது. சண்டையின்போது அவர்கள் தரைவழியாக மடுக் கோவிலுக்கு ஓடியதால் தப்பிய உறுதி.

"வெறுங்கையோட வந்தனீங்களாம். இதைப் படிச்சுப் பார் தம்பி. எங்கட எல்லையை எழுதேக்க உங்கட அப்பாவின்ரை பேரையும் எழுதியிருப்பினம்."

விரித்துப் படித்தேன். 'தெற்கு: இன்னாசி சந்தியோகுவின் காணி.' இரண்டு வளவும் ஒருகாலத்தில் ஒரே தோட்டமாக இருந்து, ஒரே நொத்தாரிசின் கையால் பிரித்து எழுதப்பட்டவை என்று பிலோமினாக்கா சொன்னார்.

ஜெசிந்தா அவர் முகத்தைப் பாராமலே சொன்னாள்: "இதைக் கொண்டுபோனா வேலி எங்க நிக்கோணும் எண்டதும் தெரிய வருமே, அக்கா."

"தெரிய வரட்டும் பிள்ளை. நீ மழையில நனையிறதை வேலியால பாத்துக்கொண்டிருக்க எனக்கு ஏலாது."

மறுநாள் அந்த உறுதியிலிருந்த இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு எழுதுவினைஞர் பழைய பதிவேட்டைத் தேடி எடுத்தார். சில பக்கங்கள் தள்ளி நிறுத்தி, புத்தகத்தை எங்கள் பக்கம் திருப்பினார். மங்கிய மையில் அப்பாவின் பெயர். "ஓம், இவர்தான்" என்றாள் ஜெசிந்தா. வெளியே வந்து மதில் நிழலில் நின்று இருவரும் காரணமில்லாமல் சிரித்தோம். இத்தனை வருடமாக நெஞ்சில் இருந்த ஏதோ ஒன்று இறங்கிவிட்டது போலிருந்தது.

பதிவிலிருந்த அளவுப்படி, வேலி எங்கள் காணிக்குள் கொஞ்சம் தள்ளித்தான் நின்றது. "அது அங்கேயே நிக்கட்டும்" என்று ஜெசிந்தாவே பிலோமினாக்காவிடம் சொன்னாள். என் பங்கையும் அவள் பெயருக்கு எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

நான் புறப்பட்ட காலையில் மேசன் வந்து புது வீட்டின் சுவர்களைக் குறிக்க மணலில் முளையடித்துக் கயிறு கட்டியிருந்தார். பயணம் சொல்ல நான் குறுக்கே நடந்தேன். நடுவில் நின்ற தங்கச்சி பதறினாள்.

"அண்ணா, அது சுவர்! வாசலால வாங்கோ."

நான் பின்வாங்கி, கயிற்றைச் சுற்றிப்போய், இன்னும் வைக்காத கதவால் குனிந்து உள்ளே போனேன். என் பயணப்பெட்டி வெளியே மணலில் நின்றது.