சவுட்டினேன், நிக்கல்ல

நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் வழியாக மேற்கே போகும் பஸ்ஸை ஏழு வருசம் ஓட்டினேன்.

கம்பெனி ஆபீசில் ஒரு தடித்த புத்தகம் உண்டு. வழியில் எது நடந்தாலும் மூன்றில் ஒன்றாக எழுதுவார்கள். வண்டிக் கோளாறு என்றால் சர்க்கார் இன்ஸ்பெக்டர் பார்த்து விடும்வரை வண்டி ஷெட்டில் கிடக்கும். பாதைக் கோளாறு என்றால் யாருக்கும் சேதமில்லை. ஆள் கோளாறு என்றால் டிரைவருக்கு வேலை இல்லை.

பிரேக்கு சரியில்லை என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருவரும் காது கொடுக்கவில்லை. ஒரு காலை, மார்த்தாண்டம் தாண்டி ஆற்றுப் பாலத்துக்கு இறங்குகிறேன். எதிரே ஓடு ஏற்றிய மாட்டுவண்டி. பிரேக்கை மிதித்தேன். காலடியில் கம்பி முறிந்தது. ஒரு மாடு செத்தது. வண்டிக்காரருக்குக் கால் ஒடிந்தது. பஸ் மண்திட்டில் முட்டித்தான் நின்றது.

மேனேஜர் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள். வந்து மூன்று மாதம்தான்.

"என்னய்யா நடந்தது?"

"சவுட்டினேன் சாரே. நிக்கல்ல."

"சவுட்டறதுன்னா என்ன?" என்று கண்டக்டரைக் கேட்டார்.

"மிதிக்கது சாரே."

எழுதினார். கையெழுத்து கேட்டார். அப்போது எனக்கு என் பெயரை எழுத மட்டும் தெரியும். போட்டேன்.

மறுநாள் வேலை இல்லை என்றார்கள். ஆள் கோளாறாம். கண்டக்டர் புத்தகத்தை எட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

"வேய், 'மாட்டை மிதித்தேன், நிறுத்தவில்லை'ன்னுல்லா எழுதியிருக்காரு. மாட்டைச் சவுட்ட நீரு என்ன ஆனையா?"

நேரே உள்ளே போனேன். "சாரே, நான் சவுட்டினது பிரேக்கை. நிக்காதது வண்டி."

அவருக்குப் புரிந்தது. முகத்தில் தெரிந்தது. புத்தகத்தை மூடினார்.

"இப்ப மாத்தினா வண்டிய நிறுத்திப்புடுவாங்க. திருவிழாக் கூட்டம் கெடக்கு. நீதான் கையெழுத்துப் போட்டிருக்கியே."

தெரியாமல் எழுதியதைப் பொறுத்திருப்பேன். தெரிந்தபின் மூடியதைப் பொறுக்க முடியவில்லை. இன்றும் முடியவில்லை.

வெளியே அதே பஸ் ஆள் ஏற்றி நின்றது. முறிந்த கம்பியைக் கட்டுக்கம்பி வைத்து முறுக்கியிருந்தார்கள். புது டிரைவர் ஏறி உட்கார்ந்திருந்தான். நான் வண்டிக்கு முன்னால் போய் நின்றேன்.

"இதுக்குப் பிரேக்கு கெடையாது. சாவ ஆசை உள்ளவங்க இருங்க."

"வேலை போன வயித்தெரிச்சல்லே பேசுதான்" என்றான் உள்ளே ஒருத்தன்.

"அடியிலே குனிஞ்சு பாரும் வேய்."

தேங்காய்ப்பட்டணத்துக்குப் போகிற கருவாட்டு வியாபாரி இறங்கிக் குனிந்தார். நிமிர்ந்ததும் பெண்டாட்டியைக் கூப்பிட்டார். "ஏட்டி, எறங்கு. சட்டுன்னு எறங்குட்டி."

எல்லாரும் இறங்கினார்கள். புது டிரைவரும் இறங்கினான். மேனேஜர் வந்து என் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார். நகரவில்லை. கண்டக்டர் அதற்குள் இன்ஸ்பெக்டரைத் தேடி ஓடியிருந்தான். அவர் வந்து பார்த்தார். வண்டி ஷெட்டுக்குப் போனது.

புத்தகத்தில் என்னைப் பற்றி எழுதியதை யாரும் திருத்தவில்லை. என் வேலை திரும்பவில்லை. மற்றக் கம்பெனிகளில் கேட்டேன். மாட்டைக் கொன்றுவிட்டு நிற்காமல் போனவன்தானே என்றார்கள். கீரிப்பாறையில் ரப்பர்ப் பால் சுமக்கப் போனேன்.