ஷெறோன் அறியாத ஐந்து கிழமைகள்

அருள்மலர் லண்டனின் ‘மிச்சம்’ பகுதிக்கு வந்தபோது மகள் ஷெறோனுக்கு வயது பத்து. கணவர் பெனடிக்ற், படுக்கையில் கிடந்த தகப்பனை விட்டுவர மனமில்லாமல் மன்னாரிலேயே நின்றுவிட்டார். பிறகு வரலாம் என்றிருந்தவரைப் போர் வன்னிக்குள் துரத்தியது. வெளியேறும் பாதையும் பூட்டப்பட்டது. முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் பாத்திரம் கழுவி, அருள்மலர் தனியே மகளை வளர்த்தாள். அந்த மகளுக்குக் கேம்பிரிட்ஜில் மருத்துவம் படிக்க இடம் தருவதாகக் கடிதம் வந்திருந்தது. நிபந்தனை ஒன்றுதான்: மூன்று பாடங்களிலும் ‘ஏ’ எடுக்க வேண்டும்.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு மே மாதம், பள்ளி இறுதிச் சோதனை தொடங்கச் சில நாள்களே இருக்கையில், சவுத்தாலில் கடை வைத்திருந்த தம்பி றஜீவ் வந்தான். ஷெறோன் நூலகத்துக்குப் போயிருந்தாள். அவன் கதிரையில் உட்காரவில்லை.

“அக்கா, அத்தான் போயிட்டார். பதினாலாம் திகதி ஷெல் விழுந்ததாம். பக்கத்திலை நிண்ட ஆள் வவுனியா முகாமிலையிருந்து கதைச்சவர்.”

அருள்மலர் கேட்டது ஒரு சொல்தான்.

“பிள்ளைக்கு?”

“சொல்லாதேங்கோ. சோதனை எழுதுற பிள்ளையிட்டை எங்கட ஆக்கள் ஆரும் செத்தவீட்டுக் கதை சொல்லுறவையே? முடியட்டும்.”

அதில் அவளுக்கும் ஐயமிருக்கவில்லை. பெற்ற தாயின் சாவையே சோதனை முடியும்வரை மறைத்த வீடுகளை அவள் ஊரில் அறிவாள். அதனைப் பொய்யென்று எவரும் சொன்னதில்லை.

ஞாயிறு பூசைக்கு வழக்கம்போல நிறச்சேலை உடுத்திப் போனாள். பங்குக் கோயிலில் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. அறிந்தால் துக்கம் விசாரிக்க வீட்டுக்கு வந்துவிடுவார்கள். இறந்தவருக்கான முப்பத்தோராம் நாள் பூசையும் ஒப்புக்கொடுக்கப்படாமலே கழிந்தது.

“அப்பா கோல் எடுத்தவரோ, அம்மா?” என்று ஷெறோன் நாள்தோறும் கேட்டாள்.

“லைன் இல்லையாம். நீ படி.”

“எல்லாத்துக்கும் ‘நீ படி’. வீடு நெருப்புப் பிடிச்சாலும் இதைத்தான் சொல்லுவீங்கள்.”

சிரித்துக்கொண்டே அறைக்குள் போவாள். ஆனால், அருள்மலர் தேநீர் கொண்டுபோகும் போதெல்லாம் புத்தகம் ஒரு பக்கத்தில் திறந்தபடி கிடக்கும். கணினியில் முகாம்களில் இருப்போரின் பெயர்ப்பட்டியல் ஓடிக்கொண்டிருக்கும்.

யூன் இருபத்து மூன்றாம் திகதி கடைசித் தாளும் முடிந்தது. அன்று மாலை அருள்மலர் சொன்னாள். ஷெறோன் கத்தவில்லை.

“கெமிஸ்ட்ரிச் சோதனைக்கு முதலே உங்களுக்குத் தெரியுமோ?”

“எல்லாத்துக்கும் முதல்.”

அதன்பின் பல நாள்கள் அவள் தாயுடன் பேசவில்லை.

ஆகஸ்டில் பெறுபேறு வந்தது. இரண்டு ‘ஏ’, இரசாயனவியலில் ‘பி’. தகப்பனின் சாவைக் கேள்விப்பட்டிருந்த பள்ளிக்கூட ஆசிரியை பல்கலைக்கழகத்துடன் பேசிவிட்டுத் தாயையும் மகளையும் அழைத்தார். தகப்பனை இழந்த துயரத்தோடு எழுதினாள் என்று வீட்டார் மறுநாள் நண்பகலுக்குள் கடிதம் கொடுத்தால், மீண்டும் பார்ப்பார்களாம். மகள் அதனை அறிந்த திகதியையும் குறிப்பிட வேண்டுமாம்.

வீட்டுக்கு வந்ததும் அருள்மலர் தாளும் பேனையும் எடுத்து வைத்தாள்.

“மே மாசமே உனக்குத் தெரியுமெண்டு எழுது. நான் கையெழுத்து வைக்கிறன்.”

“எனக்குத் தெரியாதே.”

“அதை ஆர் வந்து பாக்கப்போகினம்?”

“தெரிஞ்சிருந்தா நான் அழுதிருப்பன், அம்மா. நீங்கள் என்னை அழ விடேல்லை. இப்ப அழுதனான் எண்டு எழுதச் சொல்லுறீங்கள்.”

“உன்ரை நன்மைக்குத்தானே, பிள்ளை…”

“ஓம். அதாலைதான் உங்களைக் கோவிக்கவும் ஏலாமக் கிடக்கு.”

ஷெறோன் உள்ளதை உள்ளபடி எழுதினாள்: இறந்தது மே பதினான்கு, தான் அறிந்தது யூன் இருபத்து மூன்று. அருள்மலருக்கு ஆங்கிலம் அதிகம் தெரியாது. ஆனால் திகதிகள் தெரிந்தன. ஒப்பமிட்டாள்.

திங்கட்கிழமை மறுமொழி வந்தது. துயரத்தில் பங்குகொள்வதாகவும், சோதனை எழுதியபோது மாணவி அதனை அறிந்திருக்கவில்லையாதலால் இடம் தர இயலவில்லை என்றும் எழுதியிருந்தார்கள். ஷெறோன் அதனை வாசித்துத் தாய்க்குத் தமிழில் சொன்னாள்.

“இனி என்ன செய்யிறது?” என்றாள் அருள்மலர்.

“தெரியேல்லை. ஆனா இனி எது நடந்தாலும் அண்டைக்கே எனக்குச் சொல்லோணும்.”

“ஓம், சொல்லுறன்.”

மகள் தாயின் முகத்தைப் பார்த்தாள். நம்பியதாகத் தெரியவில்லை.