ஊற்றுக்கு மேலே நின்ற மூன்று மரங்கள்

அஞ்சுவான் தீவின் அந்த மலைச்சரிவில் ஊற்றும், அதற்கு மேலே நின்ற மூன்று அத்தி மரங்களும் சான்ஃபியாவுக்குத் தாய்வழி வந்தவை. அங்கே நிலமும் வீடும் பெண்ணுக்குத்தான். ஆண் கல்யாணமாகி மனைவி வீட்டுக்கு வந்து இருப்பான். வாசனை எண்ணெய் காய்ச்சுகிறவர்கள் விறகுக்காக அந்த மரங்களைப் பலமுறை கேட்டு, ஊற்றுக்கு நீர் பிடித்து வைப்பதே இந்த மரங்கள்தான் என்று அவளிடம் திட்டு வாங்கித் திரும்பியிருக்கிறார்கள்.

தலைநகரிலிருந்து, ஊற்று நீரைத் தொட்டியில் தேக்கிக் குழாயில் விடும் நிலைத்த வளர்ச்சித் திட்டத்தோடு ஒரு பொறியாளர் வந்த அன்று அவள் மேட்டு வயலில் மரவள்ளி பிடுங்கிக்கொண்டிருந்தாள். பள்ளிவாசல் முற்றத்தில் ஆண்களைக் கூட்டி, ஊற்று யாருடையது என்று அவர் கேட்டார். சான்ஃபியாவின் கணவன் பகாருக்கு அந்நியர் முன்னால் மனைவியின் நிலம் என்று சொல்லக் கூச்சம். “நம்மளுதுதான்” என்று சொல்லிச் சம்மதக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டான்.

மறுநாள் அவள் சந்தையிலிருந்து திரும்பியபோது, தொட்டி கட்ட இடம் வேண்டும் என்று மூன்று மரங்களையும் சாய்த்திருந்தார்கள்.

“என்னை ஒரு வார்த்தை கேட்டியா?”

“அத்தனை ஆம்பளைங்க நடுவுல எப்படிச் சொல்றது சான்ஃபியா?”

“நீ படுக்கிற பாயே என்னோடது. அதையும் உன்னோடதுன்னு எழுதிக் கொடுத்துட்டியா?”

அவளுக்கு அழுகை வரவில்லை. வெட்டிய அடிமரத்தில் கைவைத்துப் பார்த்தாள். பால் இன்னும் ஒட்டியது.

மழை நின்ற மூன்றாம் மாதம் ஊற்று இளைத்து, சொட்டி, நின்றே போனது. முப்பது வீட்டுப் பெண்கள் குடத்தோடு பள்ளத்து ஆற்றுக்கு இறங்கினார்கள். தொட்டிக்கு மட்டும் பெயிண்ட் அடித்தார்கள்.

திறப்பு நாளில் நாலு பீப்பாய் ஆற்றுத் தண்ணீரை லாரியில் கொண்டுவந்து தொட்டியில் ஊற்றினார்கள். படத்துக்கு ஒரு பெண் வேண்டுமாம். சான்ஃபியாவைக் குழாய் திறக்கச் சொன்னார்கள். திறந்தாள். டீசல் வாடையோடு தண்ணீர் கொட்டியது.

“எல்லாரும் குடத்தை வைங்கடி” என்றாள். வரிசை கூடிவிட்டது.

“போதும்மா, மூடுங்க. அதிகாரிங்க பேசணும்” என்றார் பொறியாளர்.

“பேசட்டுமே. ஊத்துத் தண்ணிதானே, தீராதுல்ல?”

இரண்டாவது பேச்சு முடியுமுன் குழாய் காற்றை ஊதியது. வரிசையில் பாதிப் பேர் வெறுங்குடத்தோடு நின்றார்கள். பொறியாளர் காகிதத்தைப் புரட்டினார்.

“சம்மதம் வாங்கித்தான் கட்டினோம். இதோ கையெழுத்து” என்றார்.

எல்லாரும் பகாரைப் பார்த்தார்கள். அவன் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான்.

அன்று சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்தபோது துணிமூட்டை வாசலில் இருந்தது. அவள் கதவை மறித்து நின்றாள்.

“உன்னோடதுன்னு கையெழுத்துப் போட்டியே, அந்த ஊத்தடியிலயே போய்ப் படு. அது உன் நிலம்தானே?”