வாள்வீரனின் ‘விளங்கிச்சோ’

என் கணவர் மரியோ இருபத்திரண்டு வயதில் மன்னாரிலிருந்து ரொறன்ரோ வந்தவர். ஒரு ஜப்பானிய உணவகத்தில் பதினாறு வருடம் வேலை செய்தார். முதலில் கோப்பை கழுவினார், பிறகு மீன் வெட்டினார். முதலாளியோடு பேசிப் பேசி அந்த மொழியும் அவரோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

வோபர்னில் எங்கள் மாதா கோவிலின் கீழ்மண்டபத்தில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளுக்கு ஜப்பானியக் கார்ட்டூன் போடுவார். சத்தத்தை நிறுத்திவிட்டு, ரீவிக்குப் பக்கத்தில் நின்று படத்தில் வரும் எல்லோருக்கும் தானே தமிழில் குரல் கொடுப்பார்.

“உந்தப் படங்களிலை ஒவ்வொருத்தருக்கும் வசனம் முடியிற இடத்திலை ஒரு வால் இருக்கு, கிளடிஸ். பூனை ‘ஞா’ எண்டு முடிக்கும். கிழட்டு வாள்வீரனுக்கு வேறை வால். தமிழிலை எங்கை போய்த் தேடுறது?” என்று ஒருநாள் தலையைச் சொறிந்தார்.

கோவிலுக்குள்ளேயே கிடைத்தது. பூனைக்கு, நான் எதைச் சொன்னாலும் கடைசியில் ஒட்டும் “எண்டு நினைக்கிறன்”. வாள்வீரனுக்கு, பாடற்குழு நடத்தும் நீக்கிலாப்பிள்ளை அண்ணை வாய்க்கு வாய் சொல்லும் “விளங்கிச்சோ?”

“தலையை எடுப்பன், விளங்கிச்சோ?” பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அடுத்த ஞாயிறு பூசையில் அண்ணை அறிவித்தல் வாசித்தார். “கார்களை ஒழுங்காய் விடுங்கோ, விளங்கிச்சோ?” முன்வரிசைப் பிள்ளைகள் வெடித்துச் சிரித்தார்கள். காரணம் தெரிந்தபோது அண்ணையின் முகம் கறுத்தது. “பகிடிக்கு உமக்கு நானோ கிடைச்சனான்?” என்றார். மரியோ மன்னிப்புக் கேட்டும் அண்ணை மூன்று வருடம் அவரோடு பேசவில்லை. அதன்பிறகு வாள்வீரன் வரும் இடங்களில் மரியோ வாய் திறக்கவில்லை. அவனுக்கு வேறு வால் ஒட்டவும் இல்லை.

மார்ச் மாதம் மாரடைப்பில் மரியோ போய்விட்டார். செத்தவீட்டுக்கும் அண்ணை வரவில்லை. அந்தக் கோபம் அப்படியே கல்லறைக்குள் போய்விடக்கூடாது என்று எனக்கு இருந்தது. முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு யார் பேசுவது என்று கேட்டபோது மகள் மெலிசாவும், “நீக்கிலாப்பிள்ளை அங்கிளைக் கேளுங்கோ அம்மா” என்றாள்.

அண்ணைக்குப் போன் எடுத்தேன். “வாறன்” என்றார். போனை வைத்துவிட்டார்.

வந்தார். மெதுவாகப் பேசினார். ஒவ்வொரு வசனத்தின் முடிவிலும் உதட்டை இறுக்கிக்கொண்டார்.

“மரியோ என்னைப் பகிடி பண்ணேல்லை. என்னிலை விருப்பத்திலைதான் செய்தவர்...”

அதோடு நின்றுவிட்டார். என் பக்கத்தில் இருந்த மெலிசா, தகப்பனின் வாள்வீரன் குரலில், “விளங்கிச்சோ?” என்றாள்.

அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஓம் பிள்ளை, இப்பத்தான் விளங்கிச்சு.”

முதலில் பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு அண்ணையும். மரியோவுக்கும் கேட்டிருக்கும் எண்டு நினைக்கிறன்.