லான்சர் தியாகர்

வேப்பமரத்து நிழல் காரின் முன் சில்லை விட்டு விலகியவுடன் தியாகலிங்கம் எழுந்துவிடுவார். சோற்றில் கை இருந்தாலும் சரி, பேப்பரில் கண் இருந்தாலும் சரி. கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு போய், காரை ஸ்ரார்ட் பண்ணி, மூன்று முழம் பின்னுக்கு எடுத்து நிறுத்துவார். இறங்கி, இடுப்பில் செருகியிருக்கும் மஞ்சள் துணியை உருவி, வெயில் பட்ட இடத்தைத் துடைப்பார். தூசியைத் துடைக்கிறாரா, வெயிலையே துடைக்கிறாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அரை மணி நேரத்தில் நிழல் திரும்பவும் நகரும். அவரும் நகருவார். நீர்வேலியில் எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டுக்கும் மணிக்கூடு தேவையில்லை. லான்சர் கிணற்றடியில் நின்றால் பதினொரு மணி. மதிலோடு நின்றால் இரண்டு.

"உந்த மனிசன் இருந்து ஒரு தேத்தண்ணியை முழுசாக் குடிச்சதை நான் காணேல்லை," என்பார் அவருடைய மனைவி பூரணம். "பாதி குடிக்கேக்குள்ளை நிழல் போயிடும்."

ஆள் ஒல்லி. அறுபத்திரண்டு வயது. எந்தக் கதிரையிலும் நுனியில்தான் இருப்பார், கார்ச் சாவியை விரலில் சுழற்றியபடி. செத்தவீட்டுக்குப் போனாலும் அப்படித்தான். பிணத்துக்கும் வாசலுக்கும் நடுவில் ஓரிடம் பார்த்து இருப்பார். வாசலில் நிற்கும் காரைக் கண் விட்டுப் பிரியாது. யாராவது அதில் முதுகு சாய்த்தால் அழுகைக்கு நடுவில் எழுந்து போய், "தம்பி, சூடாயிருக்கும், சாயாதையும்," என்பார். கார்த்திகை மழையிலும் அதே வார்த்தைதான்.

அந்த வெள்ளை லான்சரை இரண்டாயிரத்து இரண்டில், சண்டை நின்று பாதை திறந்த புதிதில், கொழும்பிலிருந்து அவரே ஓட்டிக்கொண்டு வந்தார். அதுவரைக்கும் எங்கள் பக்கத்து மாப்பிள்ளைமார் எல்லாரும் பழைய ஒஸ்ரின் காரிலும் மொறிஸ் மைனரிலும் குலுங்கிக் குலுங்கித்தான் போனார்கள். லான்சரில் பொத்தானை அமத்தக் கண்ணாடி ஏறியது. ஏசியும் இருந்தது. "பவுடர் கரையாமல் மண்டபத்துக்கு வந்து சேர்ந்த முதல் பொம்பிளையள் என்ரை காரிலைதான் வந்தவை," என்று தியாகர் இப்போதும் சொல்வார். பொய் இல்லை. சாத்திரியார் முதலில் பொருத்தம் பார்ப்பார், பிறகு நாள் பார்ப்பார், அந்த நாளில் லான்சர் சும்மா நிற்கிறதா என்று கேட்டுவரப் பிறகு ஆள் அனுப்புவார். லான்சர் கிடைக்கவில்லை என்று ஒரு மாதம் தள்ளிப்போன கலியாணங்கள் இரண்டு எனக்குத் தெரியும். இன்னொன்று தள்ளிப்போய் அப்படியே நின்றுவிட்டது. அதற்குக் காரணம் வேறு. அதைக் கேட்க வேண்டுமானால் நேரில் வாருங்கள்.

தியாகரின் வேலை காரை ஓட்டுவதோடு முடிந்ததில்லை. டாஷ்போட்டுக்குள் ஒரு தகரப்பேணி. அதற்குள் கொண்டை ஊசி, சேஃப்டி பின், ஊசி நூல், சீப்பு. பக்கத்தில் மடித்த வெள்ளைக் கைலேஞ்சி ஒன்று. பெண் தாய்வீட்டை விட்டுப் புறப்பட்டு அழத் தொடங்கியதும், திரும்பிப் பார்க்காமல் அதைப் பின்னால் நீட்டுவார். சீற்றுக்கு வாசனையாக ஓடிக்கொலோன் தெளிப்பார். கார் வெளிக்கிட்டதும் உள்கண்ணாடியைக் கூரைக்குத் திருப்பிவிடுவார், சோடி வெட்கப்படாமல் இருக்கட்டும் என்று. கண்ணைத் திருப்பினார், காதைத் திருப்பவில்லை. எந்தச் சோடி எந்தச் சந்தியில் முதன்முதலாக வாய் திறந்தது என்று அவருக்கு அத்தனையும் மனப்பாடம். நான் என் மனைவிக்கு இருபாலைச் சந்தியில் ஒரு பொய் சொன்னேன். அது பொய் என்று இன்றுவரை இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

ஆனால் அவருக்கென்று ஒரு வித்தை இருந்தது. பின் கதவை வேறு யாரையும் திறக்க விடமாட்டார். லான்சரின் கூரை பதிவு, குனிந்துதான் ஏறவேண்டும். அதனால் வலக்கையால் கதவைத் திறந்து, இடது உள்ளங்கையைக் கூரையின் விளிம்புக்குக் கீழே பிடித்துக்கொள்வார். "தலை கவனம், பிள்ளை." பெண் குனிந்து ஏறும்போது தலை கூரையில் முட்டாது, அவர் கையில்தான் முட்டும். பூ நசியாது, மாப்பிள்ளையின் தலைப்பாகை சரியாது. கொண்டை ஊசி மட்டும் கையைக் குத்தும். உள்ளங்கையை விரித்துக் காட்டுவார். சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள். "இது கரவெட்டிப் பொம்பிளை. இது உரும்பிராய். இது உம்மடை மனிசி."

பிறகு சண்டை முடிந்து பாதை முழுவதுமாகத் திறந்தது. ஊருக்குள் கார் நிறைந்தது. லான்சர் ஒரே நாளில் விழவில்லை, படிப்படியாகத்தான் இறங்கியது. முதலில் மாப்பிள்ளைக் கார். பிறகு மாப்பிள்ளைக்குப் பின்னால் மாமிமார் வருகிற கார். பிறகு கமராக்காரர் லைற்றும் குடையும் ஏற்றுகிற கார். பிறகு ஐயரை ஏற்றி இறக்குகிற கார். போன வருடம் ஒருவர் வந்து, சந்தைக்கு நாலு வாழைக்குலை கொண்டுபோக வேண்டும் என்று கேட்டார். தியாகர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "குலையெண்டால் லாண்ட்மாஸ்ரர் உழவு மெசினைப் பிடியும். உதுக்குள்ளை ஏத்தினது முழுக்கப் பொம்பிளை மாப்பிளை."

இப்போதைய கார்களில் கூரை திறக்கிறது. சோடி இடுப்புவரை வெளியே நின்று கை காட்டிக்கொண்டு போகிறது. தியாகர் மதிலடியில் நின்று அதைப் பார்ப்பார். "தலையை வெளியாலை விடுறதெண்டால் என்னத்துக்குக் கூரை?" என்று கேட்பார். யாரும் பதில் சொல்லுமுன் நிழல் நகர்ந்துவிடும்.

இவ்வளவுக்கும் காரை விற்க மாட்டார். வெளிநாட்டில் இருந்து கார் இறக்குமதி இல்லாத வருடங்களில் ஓட்டைக் காருக்கும் கிராக்கி இருந்தது, வாசலில் வந்து நின்று கேட்டார்கள். "உது பிள்ளையின்ரை கலியாணத்துக்கு நிக்குது," என்றார், கோயிலுக்கு நேர்ந்த கிடாயைக் காட்டுகிறவர் போல. பிள்ளை என்றது ஒரே மகள் தக்சாயினி. லான்சர் வீட்டுக்கு வந்த அன்று அவளுக்கு நாலு வயது. பின் சீற்றில் ஏறி நின்று துள்ளினாள். "உன்ரை நாளிலை உன்னை உதிலைதான் ஏத்தி அனுப்புவன்," என்று அன்றே சொல்லி வைத்தவர். மற்றவர்களின் மக்களை ஏற்றிய இருபது வருடமும் அவருக்கு அந்த ஒரு நாளுக்கான ஒத்திகைதான்.

இந்த இடத்தில் கோப்பாய்ச் சூசைதாசன் வரவேண்டும். சூசைதாசனிடம் இருந்தது கறுப்பு ஒஸ்ரின். பெற்றோல் இல்லாத காலத்தில் மண்ணெண்ணெயைக் குடித்துக்கொண்டு பாதி ஊரின் கலியாணத்தை ஓட்டி முடித்த கார். தாலி கட்டி முடிந்து பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதைக் கால்மாறிப் போவது என்போம். அதற்குக் கார் பிடித்துப் பூக்கட்டி நிறுத்துவது எங்கள் பக்கத்தில் பெண்வீட்டார் பொறுப்பு. இரண்டாயிரத்து மூன்றில் கோப்பாயில் ஒரு கலியாணம். மாப்பிள்ளை லான்சரில் வந்தார். பெண்வீட்டார் ஒஸ்ரினைப் பிடித்துப் பூக்கட்டி வைத்திருந்தார்கள். பெண் வெளியே வந்தது. ஒஸ்ரினைப் பார்த்தது. லான்சரைப் பார்த்தது. பிறகு அசையவே இல்லை.

தியாகர் யாரையும் கேட்கவில்லை. நேராகப் போய், ஒஸ்ரினின் பொனற்றில் கட்டியிருந்த பூச்சரத்தை அவிழ்த்துக்கொண்டு வந்து லான்சரில் கட்டினார். சூசைதாசன் ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி உள்ளேயே இருந்தார். பெண்ணை ஏற்றிக் கதவைச் சாத்திவிட்டுத் தியாகர் ஒரு வார்த்தை சொன்னார்: "அண்ணை, உதைக் கொண்டுபோய்க் கோழிக்கூடாக்குங்கோ."

சபை சிரித்தது. நானும் சிரித்தேன், ஏன் மறைக்கவேண்டும்.

இருபத்திரண்டு வருடம் கழித்து, போன ஆவணியில், தக்சாயினிக்கு நாள் வைத்தது. மாப்பிள்ளை பிரவீணன், கனடா. ஒருநாள் பின்னேரம் தியாகர் காரைத் துடைத்துக்கொண்டு நிற்க, மகள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்பா, பிரவீணன் ஆக்கள் கால்மாற ஒஸ்ரின்தான் வேணுமெண்டு நிக்கினம். கோப்பாயிலை ஒருத்தர் வைச்சிருக்கிறாராம். எல்லாரும் இப்ப அதைத்தான் பிடிக்கினம்."

"அவையள் நிக்கினமோ, நீ நிக்கிறியோ?"

"நானும்தான்."

"பழசுதான் வேணுமெண்டால் உதுவும் பழசுதானே, பிள்ளை."

"அது பழைய கார், அப்பா. இது பழசாப் போன கார்."

தியாகர் துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தார். "இன்னும் எத்தினை வருசம் போனால் இதுவும் அந்தப் பழசாகும்?"

"ஒரு முப்பது வருசம்."

"அதுவரைக்கும் கலியாணத்தைத் தள்ளேலாதோ?"

மகள் சிரித்தாள். தியாகர் சிரிக்கவில்லை.

பெண்வீட்டுப் பொறுப்பு அல்லவா, அவரேதான் போய்க் கேட்கவேண்டும். முதல் நாள் சூசைதாசன் வீட்டைத் தாண்டி இருபாலைச் சந்திவரை போய்த் திரும்பி வந்தார். இரண்டாம் நாள் கேற்றுக்குள் போனார். சூசைதாசனின் மனைவி, முட்டை விற்கிற மரியநாயகி, எட்டிப் பார்த்து என்ன வேணும் என்று கேட்க, வாய் தடுமாறிப் பன்னிரண்டு முட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். "கார் பிடிக்கப் போன மனிசன் முட்டையோடை வந்து நிக்குது," என்று பூரணம் ஒழுங்கை முழுக்கச் சொன்னார். மூன்றாம் நாள் துணைக்கு என்னை ஏற்றிக்கொண்டு போனார். சூசைதாசன் கேற்றடியில் கதிரை போட்டு இருந்தார்.

"ஆர், தியாகரோ? இண்டைக்கும் முட்டையோ?"

"இல்லை அண்ணை. கார்."

"என்னட்டை ஏது கார்? நீர் சொன்ன கோழிக்கூடுதானே கிடக்குது."

"அண்ணை, நான் அண்டைக்கு..."

"அதை விடும். உம்மடை சொல்லைத் தட்டேல்லை. எட்டு வருசம் கோழிதான் அடைஞ்சது. நல்லா முட்டையும் இட்டுதுகள். மெத்தைச் சீற் எல்லே."

சுவிசில் இருக்கும் மருமகன் ஒரு விடுமுறைக்கு வந்து கோழிகளை இறக்கி, காரைக் கழற்றிப் பூட்டி, கறுப்புப் பெயின்ற் அடித்துவிட்டுப் போன கதையை ஆற அமரச் சொன்னார். தியாகர் ஒற்றைக்காலில் இருந்து மற்றக்காலுக்கு மாறி மாறி நின்றார். கடைசியில் சூசைதாசன் சொன்னார்:

"வாறன். ஆனால் வெறும் பொனற்றோடைதான் வருவன். பூ நீர்தான் கட்டவேணும். எனக்குக் கை நடுங்குது."

சொல்லிவிட்டு, நடுங்காத கையால் ஒரு சுருட்டைப் பற்றவைத்தார்.

கலியாணத்தன்று விடிய, மண்டப வாசலுக்கு நேரே லான்சர் நின்றது. கழுவி, மினுக்கி, பொனற்றில் மல்லிகைச் சரமும் சிவப்பு றோசாவும் கட்டி. கேட்டதற்குத் தியாகர், "பூவை இதிலை வைச்சால் தண்ணி தெளிச்சு வாடாமல் வைச்சிருக்கலாம்," என்றார்.

"பூ வைக்க வாளி இல்லையோ?" என்று கேட்டார் பூரணம்.

தியாகர் என்னைத் தனியே இழுத்து மெல்லச் சொன்னார்: "அந்த ஒஸ்ரின் எழுபது வருசத்து இஞ்சின். சில நேரம் ஸ்ரார்ட் வராது." அவர் முகத்தில் கவலை ஒன்றையும் நான் காணவில்லை.

மணவறையில் தாரை வார்க்கும்போதும் அவருடைய காது றோட்டில்தான் இருந்தது. "தண்ணியை விடுங்கோ," என்று ஐயர் இரண்டு தரம் சொல்லவேண்டி வந்தது. தாலி கட்டி, மேளம் ஓய்ந்த கையோடு, சந்தியில் ஒரு இஞ்சின் சத்தம் கேட்டது. தடக்கமில்லாமல், ஒரே சீராக. கறுப்பு ஒஸ்ரின் வாசலில் வந்து நின்றது. பொனற் வெறுமையாக மினுங்கியது. சூசைதாசன் இரண்டு கையையும் ஸ்ரியறிங்கில் வைத்து நேரே பார்த்தபடி இருந்தார்.

கமராக்காரர் ஓடி வந்தார். "ஐயா, அந்த வெள்ளைக் காரைக் கொஞ்சம் அங்காலை எடுக்கேலுமோ? படத்துக்குள்ளை வருது."

தியாகர் ஏறி மூன்று முழம் பின்னுக்கு எடுத்தார்.

"இன்னும் கொஞ்சம், ஐயா."

எடுத்தார். இன்னும், இன்னும் என்று சொல்லிச் சொல்லி, லான்சர் சமையல் கொட்டிலுக்குப் பின்னால் போய் நின்றது. அங்கே நல்ல நிழல். அவர் இறங்கி, பூச்சரத்தை முடிச்சு முடிச்சாக அவிழ்த்து, தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்து வந்தார். அந்தக் கோப்பாய்க் கலியாணத்தில் சிரித்தவர்களில் நாலைந்து பேர் அங்கே நின்றோம். இந்தமுறை ஒருவரும் சிரிக்கவில்லை. ஒஸ்ரினின் பொனற்றில் அவர் கட்டி முடிக்கும்வரை சூசைதாசன் திரும்பிப் பார்க்கவில்லை. முடித்த பிறகு கண்ணாடிக்குள் இருந்து ஒன்று கேட்டார்.

"முடிச்சு இறுக்கமோ?"

"இறுக்கம், அண்ணை."

தக்சாயினி வந்தாள். சூசைதாசன் கதவைத் திறந்துவிட இறங்கப் பார்த்தார். அதற்குள் தியாகர் பின் கதவைத் திறந்துகொண்டு நின்றார். இடது உள்ளங்கை கூரை விளிம்புக்குக் கீழே போயிருந்தது.

"தலை கவனம், பிள்ளை."

ஒஸ்ரினின் கூரை உயரம். தலைப்பாகை கட்டின ஆளே குனியாமல் ஏறலாம். மகளின் கொண்டைப் பூவுக்கும் அவர் கைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தது. தியாகர் கையை எடுக்கவில்லை. அவள் ஏற ஏற, கொண்டை ஊசி உள்ளங்கையில் குத்தும்வரை கையைக் கீழே இறக்கினார்.