சுவருக்கு இந்தப் பக்கம் கமலாசனி

"எங்கையப்பா மோட்டார் சைக்கிள் திறப்பு?" என்று கிருசாந்தன் கேட்டது தன் மனைவி சுகந்தினியிடம். பதில் பக்கத்து வீட்டுக் குசினியிலிருந்து வந்தது.

"அரிசி வாளிக்கு மேலை பாருங்கோ, தம்பி."

கமலாசனி வெங்காயம் உரிப்பதை நிறுத்தவேயில்லை. சாவி அங்கேதான் இருந்தது.

கிளிநொச்சியில் ஒரே கூரையின் கீழ் ஒட்டிக்கொண்டு நிற்கும் ஐந்து வீடுகளில் நடுவீடு கமலாசனியுடையது. கட்டிய மேசனுக்குக் கல் போதவில்லையோ மனம் போதவில்லையோ, இடைச்சுவர்களைக் கூரைவரை எழுப்பாமல் விட்டுவிட்டான். அந்த இடைவெளியால் பாதித் தேங்காய் போகும், கறிவேப்பிலை வரும், ஊர்க்கதை இரண்டு பக்கமும் போய்வரும். சுகந்தினி தொலைபேசியில் மெய்மறந்து நிற்கும்போது, "பிள்ளை, பருப்பு அடிப்பிடிக்குது" என்ற குரல் எத்தனையோ சட்டியைக் காப்பாற்றியிருக்கிறது. குளியலறைக்குள் பாம்பு புகுந்த அன்று, அவள் கத்தி வாய் மூடுமுன் நாலு வீட்டுத் தடிகளும் வந்து நின்றன. தனி வீட்டில் இதெல்லாம் கிடைக்குமா? ஆனால் அந்தப் புருசனும் பெண்சாதியும் மனம்விட்டுச் சண்டை பிடிக்க வேண்டுமென்றால் மோட்டார் சைக்கிளில் ஏறிக் குளக்கட்டுக்குத்தான் போக வேண்டும். திரும்பி வந்தால், "சமாதானமோ?" என்று சுவர் கேட்கும்.

கமலாசனியையும் குறை சொல்ல முடியாது. அவருடைய கணவர் யோகநாதன் வாய் திறப்பது சாப்பிடவும் கொட்டாவி விடவும்தான்.

வினை ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. பூவரசங்குளத்திலிருந்து வந்திருந்த மாமியார் சுகந்தினியிடம், "இண்டைக்கு விரதம்தானே, பிள்ளை?" என்று கேட்டார். "ஓம், மாமி." அதோடு முடிந்திருக்க வேண்டிய கதை. கமலாசனிக்கு மனம் கேட்கவில்லை. பாவம், பிள்ளை மாட்டிக்கொள்ளப் போகிறாளே என்று, தன் வெள்ளிக்கிழமை விரதத்தின் பெயரையே விட்டுக்கொடுத்து, "முட்டைப் பொரியல் மணம் எங்கட வீட்டிலையிருந்துதான் வருது, குறை நினையாதேங்கோ" என்றார். அதுவரை முட்டையைப் பற்றி அங்கே ஒருவரும் பேசவில்லை.

மாமியார் பஸ் ஏறியதும் சுகந்தினி வாசலில் வந்து நின்றாள். "அன்ரி, இனிச் சுவருக்காலை ஒரு சொல்லு வந்தாலும் நாங்கள் கனகராயன்குளத்துக் காணியிலை தனி வீடு கட்டிப் போயிடுவம்." சும்மா வெருட்டல் இல்லை. மறுநாள் கிருசாந்தன் மேசனோடு தொலைபேசியில் கதைத்ததும் கமலாசனியின் காதில் விழுந்தது.

அன்று முதல் கமலாசனி வாய்க்குப் பூட்டுப் போட்டார். அந்தப் பக்கம் பருப்புக் கருகியது. சேலைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டு பொறுத்தார். கடைசியில் யோகநாதனே பயந்துபோய், "சுகமில்லையோ?" என்றார்.

"அவை போயிட்டா நான் ஆரோடை கதைக்கிறது? உங்களோடையே?" என்றபோது கமலாசனிக்குக் கண் கலங்கிவிட்டது.

நேற்றுக் காலை கிருசாந்தன் மறுபடி திறப்பைத் தேடினான். மேசை லாச்சிகள் இழுபட்டன, கட்டில் நகர்ந்தது. வேலைக்கு நேரம் போகிறது என்று அவன் கத்தினான். கமலாசனிக்குத் தெரியும். முதல்நாள் மாலை இடைச்சுவரின் அந்தப் பக்கத்துக் கலண்டர் ஆணியில் அது கிணுங்கிய சத்தத்தை அவர் கேட்டிருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

பிறகு சுகந்தினியின் குரல், சுவருக்கு மிக அருகில்: "இந்த வீட்டிலை ஒருத்தருக்கும் தெரியாதாக்கும்."

கமலாசனி வாய் திறக்கவில்லை. அகப்பையை எடுத்தார், சுவரில் ஓரிடத்தில் தட்டினார். அந்தப் பக்கம் கை தடவும் சத்தம் கேட்டது. கொஞ்சம் இடப்பக்கமாக நகர்ந்து, ஒரு சாண் மேலே, மறுபடி தட்டினார்.