எட்டு லாபம்

மழை விட்ட மறுநாள். மன்னார்குடியில் எங்கள் விவசாயிகள் குழுவின் மாடி அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். குழுவிடம் இருந்தது தண்ணீர் இறைக்கிற பெரிய மோட்டார் ஒன்றே ஒன்று. கேட்டதோ இரண்டு ஊர். எங்கே அதிக வயல் முழுகியிருக்கிறதோ அங்கே முதலில் போகும். மற்ற ஊர் மூன்று நாள் காத்திருக்க வேண்டும். அதில் ஓர் ஊர் என் அக்காவுடையது.

வயல் வயலாக ஜனங்கள் செல்போனில் படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். பயிரின் நுனி தண்ணீருக்கு மேலே தெரிகிறதா என்று ஒவ்வொரு படமாகப் பார்த்து எண்ணுகிற புரோகிராமை நான்தான் எழுதியிருந்தேன். முதல் ஊரை எண்ணி முடிக்கவே நாற்பது நிமிஷம் போய்விட்டது. முழுகியது இருநூற்றுப் பத்து.

அப்போது அக்கா கூப்பிட்டாள்.

"டேய், என் செல்லு சேத்துல விழுந்து செத்துப்போச்சு. இது பக்கத்து வீட்டுப் போன். படமெல்லாம் அனுப்ப முடியாது. என் வயல் முழுகிடுச்சு, எழுதிக்க."

"சரிக்கா."

"என்னுதை லாபம்னு வெச்சு ஆரம்பி."

களத்தில் நெல் அளக்கும்போது எங்கள் பக்கம் 'ஒண்ணு' என்று தொடங்குவதில்லை. முதல் மரக்கால் லாபம், அடுத்தது ரெண்டு. முழுகிய வயலுக்கு அந்தப் பெயரை வைக்க அவளால்தான் முடியும். சிரித்துக்கொண்டே அவள் ஊரின் எண்ணிக்கைக்குத் தொடக்க எண்ணாக ஒன்றைப் போட்டேன்.

மோட்டார் ஏற்றிய லாரி இரண்டு மணிக்குக் கிளம்பும். மணி ஒன்றரை. கம்ப்யூட்டருக்குள் கணக்குப் போடுகிற மூளை, கோர் என்பார்கள், எட்டு இருக்க, இதுவரை ஒன்றுதான் உழைத்திருந்தது. வேலையை எட்டாகப் பிரித்துக்கொள் என்று புரோகிராமில் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தேன்.

என்ன சொல்ல! திரையில் எட்டுக் கட்டம், எட்டிலும் கோடு விறுவிறுவென்று உச்சிக்கு ஏறியது. உள்ளே விசிறி இரைந்தது. ஒன்று வாய்க்கால் ஓரத்தைப் பார்க்கிறது, ஒன்று பள்ளத்து வயல்களை, ஒன்று சுடுகாட்டுப் பக்கத்தை. ஒன்றோடொன்று பேசாமல், ஒன்றுக்காக ஒன்று நிற்காமல், ஒரே நொடியில் எட்டு இடத்தில் விழித்திருக்கிற கண்கள். கட்டைவிரல் அகலச் சிப்புக்குள் ஓர் ஊரே விரிந்து கிடந்தது. நாற்பத்தேழு வயசில் எனக்குக் கை மயிர் சிலிர்த்து நின்றது.

அஞ்சே நிமிஷம். இருநூற்றுப் பதிமூன்று.

குழுத் தலைவருக்குப் போன் போட்டேன். "உங்க அக்கா ஊருங்களா? நல்லதுங்க," என்றார். அந்த 'நல்லதுங்க'வில் சின்னக் குத்தல்.

நேரம் மிச்சமிருந்தது. அந்த அதிசயத்தை இன்னொரு தடவை பார்க்க ஆசை. சும்மா நாலு கோரை மட்டும் வைத்து ஓட்டினேன். இருநூற்று ஒன்பது.

அதே ஊர், அதே படங்கள். நாலு வயல் எங்கே போச்சு?

மெல்லத்தான் உறைத்தது. அந்த ஒன்றை நான் கொடுத்தது ஒரு கோருக்கு அல்ல, எட்டுக்கும். எட்டும் தனித்தனியாக 'லாபம்' என்று சொல்லித்தான் எண்ண ஆரம்பித்திருக்கின்றன. கடைசியில் எட்டையும் கூட்டியபோது அக்காவின் ஒரே வயல் எட்டுத் தடவை முழுகியிருந்தது. நிஜ எண் இருநூற்று ஆறு. கோர்கள் எதுவும் பிசகவில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்தன. அந்த விசுவாசம் பயமாகக்கூட இருந்தது.

யாரும் சரிபார்க்கப் போவதில்லை. மணி ஒன்று ஐம்பது.

"தலைவரே, மாத்துங்க. அக்கா ஊர்தான் நாலு குறைச்சல்."

"நிச்சயமாங்க?"

"நிச்சயம்."

பக்கத்து வீட்டு எண்ணுக்கு அடித்து அக்காவிடம் சொன்னேன்.

"எனக்கு இருக்கறதே ஒரு வயல். உன் மெஷின் எட்டாக்கிக் குடுத்துச்சு, நீ பிடுங்கிட்ட. வெய்யி போனை."

நான்காம் நாள் மோட்டார் அவள் ஊருக்குப் போனது. நானும் போனேன். தண்ணீர் இறங்க இறங்க மேட்டுப் பக்கம் பயிர் தலை தூக்கியது. பள்ளத்தில் தொட்டாலே அழுகி வந்தது.

"அந்த ஊர்ல?" என்றாள், என்னைப் பார்க்காமல்.

"பெரும்பாலும் பொழச்சிடுச்சுக்கா."

மேட்டில் நெருங்கி நின்ற ஒரு குத்தைப் பிடுங்கித் தண்ணீரில் அலசினாள். அத்தனை நாள் மூச்சு முட்டியும் வேர் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"இதையெல்லாம் கலைச்சுப் பள்ளத்துல நட்டா பாதியாவது தேறும். வேட்டியை மடிச்சுக் கட்டு. இறங்கு."

இறங்கினேன்.